டீச்சரைக் கேளுங்கள்: ஜார்ஜ் டவுனும் மேரி ராணியும்

போன வாரம் ஒரு கேள்விக்கு, ஜார்ஜ் டவுனின் பழைய பெயர் பிளாக் டவுன், புதுப்பெயர் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜால் வந்தது என்று ரெண்டு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு தபால் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ராஜாவை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் ராணியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த வாரம் முழுக்க மேரிதான்.

மேரி ராணி முதலில் ஜார்ஜின் அண்ணனுக்கு நிச்சயமான பெண் என்கிறார்களே, உண்மையா டீச்சர்?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

உண்மைதான் மகளே. 1891 டிசம்பரில் அவருக்கு நிச்சயமானது விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டருடன். வீட்டில் எடி என்பார்கள். பின்னால் பட்டத்துக்கு வரவேண்டிய பையன். படிப்பில் மந்தம், பெண்கள் விஷயத்தில் சபலம். பொறுப்பான பெண்ணாகப் பார்த்துக் கட்டிவைத்தால் திருந்திவிடுவான் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். (இந்த வைத்தியம் நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்!) பிப்ரவரி 27 கல்யாணம் என்று நாள் குறித்தாயிற்று. ஜனவரி 8 எடிக்கு 28 வயது முடிந்தது. இன்ஃபுளுவென்சா காய்ச்சல் நிமோனியாவாக மாறி, 14ஆம் தேதி ஆள் போய்விட்டார்.

பெண்ணுக்கு வயது 24. மே மாதம் பிறந்ததால் வீட்டில் 'மே' என்றுதான் கூப்பிடுவார்கள். விக்டோரியாவுக்கோ இந்தப் பெண்ணை விட மனசில்லை. அடுத்த பேரன் ஜார்ஜ் இருக்கிறானே! ஒரு வருஷத் துக்கம் கழிந்தது. 1893 மே மாதம், ஜார்ஜின் தங்கை லூயிஸ் வீட்டில் இருவரும் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் விழித்துக்கொண்டிருக்க, 'மேயைக் கூட்டிப்போய்த் தோட்டத்துக் குளத்தில் தவளை காட்டக் கூடாதா?' என்று தங்கை கிளப்பிவிட்டார். தவளைகளைப் பார்க்கப் போன இடத்தில்தான் ஜார்ஜ் கேட்டார், மே சம்மதித்தார். ஜூலை 6ஆம் தேதி கல்யாணம்.

அண்ணனுக்குப் பேசிய பெண்ணைத் தம்பிக்கு முடிப்பது நம் தெருக்களிலும் நடந்ததுதான். அதனால் இது ஒப்புக்குச் செய்த கல்யாணம் என்று நினைத்துவிடாதே. ரெண்டு பேருக்கும் நேரில் ஆசையாக நாலு வார்த்தை பேச வராது. கடிதத்தில் கொட்டித் தீர்ப்பார்கள். ஜார்ஜின் அப்பா ஏழாம் எட்வர்டுக்குத் தொடுப்புகள் ஏராளம். மகன் அந்தப் பக்கமே போகவில்லை.

ராணிக்கு மாமியார் தொல்லை உண்டா?
வாசகி, தண்டையார்பேட்டை

இல்லாமலா! மாமியார் டென்மார்க் இளவரசி அலெக்சாண்ட்ரா. ரொம்ப அழகு, ரொம்பச் செல்லம், காது மட்டும் சரியாகக் கேட்காது. மகனும் மருமகளும் குடியேறியது சாண்ட்ரிங்காம் பண்ணையில் யார்க் காட்டேஜ் என்ற வீட்டில். மாமனார் மாமியாரின் பெரிய மாளிகை கூப்பிடு தூரத்தில். மேவுக்கு வீட்டை அலங்கரிப்பதென்றால் உயிர். பழைய மேஜை, நாற்காலி, பீங்கான் எல்லாம் தேடித்தேடிச் சேர்ப்பவர். அவர் வருவதற்கு முன்பே ஜார்ஜ், மேப்பிள் கடை ஆளைக் கூப்பிட்டு வீடு முழுக்கச் சாமான் வாங்கிப் போட்டுவிட்டார். பெண்டாட்டிக்கு வேலை வைக்கக் கூடாதாம்! அப்புறம் மாமியார் நினைத்த நேரத்தில் வருவார், மருமகள் போட்டு வைத்த நாற்காலியை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவார்.

1910இல் மாமனார் இறந்து இவர்கள் ராஜா ராணி ஆன பிறகும் அலெக்சாண்ட்ரா பெரிய மாளிகையைக் காலி செய்யவில்லை. 1925இல் அவர் கண்மூடும்வரை, ஆறு பிள்ளைகள், வேலையாட்கள், செயலாளர்கள் என்று எல்லாரும் நம்ம ஸ்டோர் வீட்டுக் குடித்தனம் போல அந்தச் சின்ன வீட்டில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். மேரி வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. இது பொறுமையா, அழுத்தமா? என்னைக் கேட்டால் அழுத்தம்.

பிறந்த வீடு ஏழை வீடு என்று படித்தேன். ராஜகுடும்பத்தில் என்ன ஏழ்மை ஐயா?
வாசகர், கொருக்குப்பேட்டை

ஐயா இல்லை தம்பி, அம்மா! ஏழ்மை இல்லை, கடன். அம்மா மேரி அடிலெய்டு, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பேத்தி. நல்ல பருமன், கலகலப்பு, தர்மசிந்தனை, ஓட்டைக் கை. அரசாங்கம் ஆண்டுக்கு 5,000 பவுண்டு கொடுத்தும் போதவில்லை. அப்பா டெக் பிரபு பிரான்சிஸ், ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் அரச வம்சம். ஆனால் அவருடைய அப்பா அந்தஸ்து குறைந்த இடத்தில் பெண் எடுத்ததால், அரியணைக்கு உரிமையும் இல்லை, சொத்தும் இல்லை. 1883இல் கடன்காரர்கள் நெருக்க, குடும்பத்தோடு இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். ரெண்டு வருஷம் அங்கேதான். மேவுக்கு அப்போது 16 வயது. படமும் சிற்பமும் பார்க்கும் கண் அவருக்கு அங்கேதான் திறந்தது.

அவருடைய மரகத நகைக்கு ஒரு கதை இருக்கிறதாமே?
வாசகர், சவுகார்பேட்டை

அடகுக்கடைகள் நிறைந்த ஊரிலிருந்து வரவேண்டிய கேள்விதான் வந்திருக்கிறது. மேரியின் அம்மாவழிப் பாட்டிக்கு 1818 வாக்கில் பிராங்க்பர்ட் லாட்டரியில் ஒரு பெட்டி மரகதம் விழுந்ததாகச் சொல்வார்கள். அது கைமாறிக் கைமாறி மேரியின் தம்பி பிரான்சிஸிடம் வந்தது. அவர் சூதாட்டப் பிரியர். 1910இல் அவர் இறந்தபோது பார்த்தால், மரகதத்தைத் தன் தோழி கில்மோரி சீமாட்டிக்கு எழுதி வைத்திருக்கிறார். மேரி என்ன செய்தார் தெரியுமா? உயிலை யாரும் பார்க்க முடியாதபடி நீதிமன்றத்தில் முத்திரை வைக்கச் செய்தார், நகையையும் திரும்பப் பெற்றார். அடுத்த ஆண்டு டிசம்பர் 12, டெல்லி தர்பாரில் அதே மரகதங்கள் அவர் கழுத்தில். அரச குடும்பத்து உயில்களை மூடி முத்திரையிடும் வழக்கம் அங்கே தொடங்கியதுதான்.

கடைசி மகனை ஒளித்து வைத்தார்கள் என்பது நிஜமா?
வாசகி, ராயபுரம்

ஜான், 1905இல் பிறந்தவன். நாலு வயதிலிருந்து வலிப்பு. சின்ன வயதில் குடும்பப் படங்களில் எல்லாம் இருக்கிறான், அதனால் பிறந்ததிலிருந்தே ஒளித்து வைத்தார்கள் என்பது மிகை. நோய் முற்றியதும், சாண்ட்ரிங்காம் பண்ணையிலேயே உட் ஃபார்ம் என்ற வீட்டில் தனியாக வைத்தார்கள். கூட இருந்தவர் லாலா பில் என்ற ஆயா. 1919 ஜனவரி 18, வலிப்பு வந்து தூக்கத்திலேயே போனான், 13 வயது. அந்தப் பிள்ளைக்கு இது விடுதலை என்ற பொருளில் மேரி எழுதி வைத்திருக்கிறார்.

அதைவிட என்னை உறுத்துவது மூத்த மகன் கதை. எட்வர்டைப் பார்த்துக்கொண்ட முதல் ஆயா, மாலையில் அப்பா அம்மாவிடம் கொண்டுபோவதற்கு முன் பிள்ளையைக் கிள்ளிவிடுவாளாம். பிள்ளை வீறிட்டு அழும், உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதனால் அழுகிறது என்று பெற்றவளுக்குத் தெரியவர ரொம்ப நாள் ஆயிற்று. தினமும் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டும் தாயாக இருந்தால் ஒரே நாளில் கிள்ளிய தழும்பைப் பார்த்திருப்பாள்.

விவாகரத்தான பெண்ணுக்காக எட்வர்டு பதவி விலகியபோது தாய் யார் பக்கம்?
வாசகர், திருவொற்றியூர்

சிம்மாசனத்தின் பக்கம். 1936 டிசம்பரில் மகன் இறங்கினார். முதல் உலகப் போரில் அத்தனை பேர் எவ்வளவோ இழந்தார்கள், ராஜாவான நீ அதைவிடச் சின்ன தியாகத்தைச் செய்ய மறுத்துவிட்டாயே என்று மகனுக்கே கடிதம் எழுதினார். மருமகள் வாலிஸைக் கடைசிவரை வீட்டில் சேர்க்கவில்லை. மகனும் சளைத்தவரல்ல. 1953 மார்ச்சில் தாய் இறந்தபோது, அவள் நரம்பில் ஓடியது எப்போதுமே இப்போதைப் போல ஜில்லிட்டதுதான் என்று மனைவிக்கு எழுதினார். பெற்ற தாயைப் பற்றி இப்படியா என்று கோபம் வருகிறது. கிள்ளுப்பட்ட குழந்தை நினைவுக்கு வந்தால் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரில் என்ன செய்தார்?
மாணவர், வியாசர்பாடி

இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில் தம்பி மகள் வீட்டில் தங்கி, சுவரிலும் மரத்திலும் படர்ந்த ஐவிக் கொடிகளை வெட்டினார்! எழுபது தாண்டிய கிழவி, தலையில் அந்தப் பிரசித்தமான தொப்பி, கையில் கருவி, உதவிக்குச் சிப்பாய்கள். காரில் போகும்போது வழியில் நடந்துபோகும் படைவீரர்களை ஏற்றிக்கொள்வார். 1942இல் விமான விபத்தில் ஒரு மகனை இழந்ததும் இந்த வீட்டில் இருந்தபோதுதான்.

மேரி சென்னைக்கு வந்திருக்கிறாரா? அவர் பெயரில் இங்கே என்ன இருக்கிறது?
வாசகி, காசிமேடு

1906 ஜனவரியில், இளவரசியாக, கணவரோடு வந்தார். எழும்பூர் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு ஜார்ஜ் அடிக்கல் நாட்டியது அப்போதுதான். 1914இல் பெண்களுக்கென்று தொடங்கிய கல்லூரி 1917இல் ராணி மேரி கல்லூரி ஆனது. அது மெரினா பக்கம், நமக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும். என் மாணவிகளில் நிறையப் பேர் அங்கே டிகிரி வாங்கினார்கள். அந்த மேரி யார் என்று கேட்டால் பாதிப்பேர் மாதாவின் பெயர் என்பார்கள். சிலபஸில் இல்லாத ஆள், அவர்கள் என்ன செய்வார்கள்!