குரோனா: நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டின் நாணயம்

ஐஸ்லாந்தின் நாணயம் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

வரலாற்று மாணவி ஒருவர்: ஐஸ்லாந்துக்கெனத் தனி நாணயம் எப்போது வந்தது?

விழா எடுத்துத் தொடங்கிய நாணயம் அல்ல அது. ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆளுகையில் இருந்தபோது அங்கும் டேனிஷ் குரோனாவே கணக்கு. டென்மார்க்கும் ஸ்வீடனும் 1873இல் அமைத்து, 1875இல் நார்வேயும் சேர்ந்த ஸ்காண்டிநேவிய நாணய ஒன்றியத்தில் எல்லாக் குரோனாக்களும் தங்கத்தின் அடிப்படையில் சம மதிப்புள்ளவையாக இருந்தன. முதல் உலகப் போர் அந்த ஏற்பாட்டைக் குலைத்தது. 1918 டிசம்பர் 1 அன்று ஐஸ்லாந்து இறையாண்மை பெற்றது; அடுத்த சில ஆண்டுகளிலேயே அதன் குரோனா டேனிஷ் குரோனாவுக்கு ஈடாக நிற்க முடியாமல் கீழிறங்கித் தனி நாணயமாயிற்று. தனி மத்திய வங்கி அமைந்தது 1961இல்தான்.

நாணயம் சேகரிப்பவர் ஒருவர்: அன்றைய மதிப்போடு ஒப்பிட்டால் இன்று எவ்வளவு தேறும்?

தொடக்கத்தில் ஒன்றுக்கு ஒன்று. இன்று ஒரு டேனிஷ் குரோனா வாங்க ஏறத்தாழ 19 ஐஸ்லாந்துக் குரோனா வேண்டும். அதுவும் புதிய குரோனா. 1981இல் இரண்டு சைபர்களை வெட்டி, 100 பழைய குரோனாவை ஒரு புதிய குரோனாவாக்கினார்கள் என்பதையும் சேர்த்தால், பழைய கணக்கில் அது சுமார் 1,900. சைபரை வெட்டியதால் நோய் தீரவில்லை. 1983இல் பணவீக்கம் 80 சதவீதத்தைத் தாண்டியது. நம் பைசாவைப் போன்ற 'அவுரார்' 2003இல் புழக்கத்திலிருந்து போயிற்று.

உங்கள் தொகுப்பில் ஐஸ்லாந்துக் காசு இருந்தால் புரட்டிப் பாருங்கள்: ஒரு குரோனாவில் காட் மீன், ஐந்தில் டால்ஃபின்கள், பத்தில் கேப்லின் மீன்கள், ஐம்பதில் நண்டு, நூறில் லம்ப் மீன். அரசர் தலையோ தலைவர் தலையோ கிடையாது. நாட்டுக்குச் சோறு போட்டது எது என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் காசுகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பொருளியல் ஆசிரியர் ஒருவர்: அப்படியானால் இந்தச் சரிவுக்கும் மீனுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. 1960களின் இறுதியில் ஹெர்ரிங் மீன் வரத்து அற்றுப்போனபோது, 1967இலும் 1968இலும் அடுத்தடுத்து நாணய மதிப்பைக் குறைத்தார்கள். ஏற்றுமதி வருமானம் விழுந்தால் கூலியைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு தொழிற்சங்கத்தோடும் பேசி அதைச் சாதிப்பதைவிட, ஒரே இரவில் நாணய மதிப்பைக் குறைத்து எல்லோருடைய கூலியையும் ஒரு சேரச் சுருக்குவது அரசுக்கு எளிது. வேலையின்மை பெருகாமல் காத்தது இந்த வழிதான் என்பது உண்மை. யார் கையிலிருந்து எடுத்துக் காத்தார்கள் என்பதற்கு அடுத்த கேள்வியில் பதில் இருக்கிறது.

வங்கி ஊழியர் ஒருவர்: அங்கே வீட்டுக் கடனில் தவணை கட்டக் கட்ட அசல் ஏறுமாமே, மெய்யா?

மெய்தான். பணவீக்கம் சேமிப்பைத் தின்றுவிடுவதால் குரோனாவில் நீண்ட காலத்துக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லாமற்போனது. எனவே 1979ஆம் ஆண்டுச் சட்டம் கடன்களை விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவைத்தது. ஒரு கோடி குரோனா கடன் வாங்கியிருக்கிறீர்கள், அந்த ஆண்டு விலைவாசி 10 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், அசல் ஒரு கோடியே பத்து லட்சமாகிவிடும். வட்டி அதன் மேல். தவணை அசலை அரிப்பதைவிட வேகமாகக் குறியீடு அதை வளர்க்கும். 1983இல் கூலிக்கு இருந்த இதே குறியீட்டுப் பிணைப்பை நீக்கிய அரசு, கடனுக்கு இருந்ததை அப்படியே விட்டுவைத்தது. கூலி நின்றது, கடன் ஓடியது. அந்த ஆறாத மனக்குறை, குரோனாவை விட்டு யூரோவுக்கு மாறுவதா என்ற இன்றைய விவாதம் வரை தொடர்கிறது.

என் பார்வையில் ஐஸ்லாந்தில் இருப்பது ஒரு நாணயம் அல்ல, இரண்டு. சம்பளம் வாங்கச் சாதாரணக் குரோனா, கடன் தீர்க்கக் குறியீட்டுக் குரோனா. மூன்றாவது ஒன்றும் உண்டு: பெரிய மீன்பிடி நிறுவனங்கள் பல யூரோவிலோ டாலரிலோ தங்கள் கணக்கை வைத்துக்கொள்கின்றன.

சுற்றுலா செல்லவிருப்பவர் ஒருவர்: கையில் குரோனா நோட்டு கொண்டுபோக வேண்டுமா?

வேண்டாம், அட்டையே எங்கும் செல்லும். மிஞ்சிய நோட்டுகளை அங்கேயே மாற்றிவிடுங்கள், வெளியே வாங்குவார் அரிது.

பலர்: 2008 நிதி நெருக்கடியில் நாட்டைக் குரோனா காப்பாற்றியதா, கவிழ்த்ததா?

இரண்டும். மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று 2001இல் மிதக்க விடப்பட்ட குரோனாவுக்கு வட்டி அதிகம். அந்த வட்டிக்காக வெளிநாட்டுப் பணம் வந்து குவிந்து மதிப்பை ஊதிப் பெருக்கியது. மூன்று பெரிய வங்கிகளின் சொத்து நாட்டின் மொத்த உற்பத்தியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்காக வளர்ந்திருந்த நிலையில், அக்டோபரில் மூன்றும் ஒரே வாரத்தில் விழுந்தன. குரோனா பாதி மதிப்பை இழந்தது. வட்டி விகிதம் 18 சதவீதமாயிற்று. நவம்பரில், பணம் நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடுகள் வந்தன, அவை 2017 மார்ச்சில்தான் பெரும்பாலும் விலகின. மலிந்த குரோனா பின்னர் மீன் ஏற்றுமதிக்கும் சுற்றுலாவுக்கும் கைகொடுத்தது. ஆனால் அந்நியச் செலாவணியோடு பிணைத்துக் கார்க் கடனும் வீட்டுக் கடனும் வாங்கியவர்களுக்குக் கடன் இரட்டிப்பானது. அத்தகைய பிணைப்பு சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2010 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இளம் வாசகர் ஒருவர்: இனி யூரோவா?

2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்தார்கள், 2013இல் பேச்சை நிறுத்தினார்கள். 2023இல் பணவீக்கம் 10 சதவீதத்தைத் தொட்டு மத்திய வங்கியின் வட்டி 9.25 சதவீதமானபோது பேச்சு மறுபடி சூடுபிடித்தது. 2024 டிசம்பரில் பதவியேற்ற கூட்டணி அரசு, பேச்சைத் தொடரலாமா என்று 2027க்குள் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதாக உறுதியளித்தது. மக்கள் சரி என்றாலும் யூரோ உடனே கைக்கு வராது: முதலில் ஒன்றியத்தில் சேர வேண்டும், பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகள் குரோனா யூரோவோடு பிணைந்து நிலையாக நிற்க வேண்டும், பணவீக்கமும் நீண்டகால வட்டியும் வரம்புக்குள் அடங்க வேண்டும். இவற்றையெல்லாம்விடக் கடினமான பேச்சு நாணயத்தைப் பற்றியதாக இராது. ஒன்றியத்தின் பொது மீன்பிடிக் கொள்கைக்குள் தம் கடலை விடுவதா என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.