படித்துக்கொண்டே கேர் வேலை: கணக்கு உதைக்கிறதே!

கேள்வி: மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். சிறப்புக் கல்வியில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஆட்டிசம், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். லண்டனில் ஒரு வருட மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே இதே மாதிரி பிள்ளைகளுடன் வேலை செய்தால் ஃபீஸையும் கட்டிவிடலாம், முடித்ததும் பராமரிப்புப் பணியாளர்களுக்கான கேர் விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறது ஒரு கன்சல்டன்சி. 6 லட்சம் கேட்கிறார்கள். நம்பலாமா?

பதில்: படிக்கப் போகலாம், வேலையும் கிடைக்கும். அந்தச் சம்பளத்தில் ஃபீஸ் கட்டலாம் என்பதுதான் பொய். 6 லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

மாணவர் விசாவில் மாஸ்டர்ஸ் படிப்பவர், படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. 20 மணி நேரத்துக்கு 244 பவுண்டு, மாதத்துக்குச் சுமார் 1,060. விசா கேட்கும்போது சாப்பாடு, வாடகைக்கு என்று அந்த அரசாங்கமே கையில் காட்டச் சொல்லும் தொகை லண்டனில் மாதம் 1,529 பவுண்டு. வாடகைக்கே இழுபறி என்றால் ஃபீஸுக்கு எங்கே போவது?

“லீவில் ஃபுல் டைம் பார்க்கலாமே மேடம்” என்பார் ஏஜென்ட். பாதி உண்மை. இதில் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இளநிலைப் பட்டம் படிக்கும் பையனுக்குக் கோடை விடுமுறை நிஜமான விடுமுறை. ஒரு வருட மாஸ்டர்ஸில் மே மாதத்தோடு வகுப்புகள் முடிந்தாலும் செப்டம்பர் வரை ஆய்வேடு எழுத வேண்டும். வகுப்பே இல்லை, நூலகத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் கேட்பாரில்லை, ஆகவே விடுமுறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் பொதுவாக அதையும் படிப்புக் காலமாகவே கணக்கு வைக்கின்றன. அப்போதும் 20 மணி நேரம்தான். கிறிஸ்துமஸ், ஈஸ்டரை ஒட்டி வரும் சில வாரங்கள்தான் உங்களுக்கு லீவு. போன வாரம் 10 மணி நேரம் பார்த்தோம், இந்த வாரம் 30 பார்த்துச் சரிக்கட்டலாம் என்பதும் நடக்காது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு வாரமும் தனிக்கணக்கு. கேர் ஹோமில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. ஞாயிறு ராத்திரி மேனேஜர் போன் போட்டு “ஒரே ஒரு ஷிஃப்ட்” என்பார். அதை ஒப்புக்கொண்டால் பே ஸ்லிப்பில் 28 மணி நேரம் என்று நிற்கும், விசாவுக்கே ஆபத்து. படிப்பு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எதற்கும் உதவாது. “இன்வாய்ஸ் போட்டு வாங்கிக்கலாம்” என்று யாராவது சொன்னால் அது சுயதொழில்; மாணவர் விசாவில் அதற்கு அனுமதியே இல்லை.

கேர் விசா கதை இன்னும் மோசம். ஆள் வேண்டும் என்று 2022இல் பிரிட்டன்காரர்களே கூப்பிட்டார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர் எடுப்பதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். அங்கேயே இருப்பவர்கள் மாறிக்கொள்ள 2028 ஜூலை வரை ஒரு சந்து விட்டிருக்கிறார்கள், அதுவும் நிபந்தனைகளோடு. எந்த நாளும் மூடிவிடக்கூடிய அந்த வழியை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வேலை கொடுக்கும் நிறுவனம் விசாவுக்காகத் தரும் ஸ்பான்சர்ஷிப் சர்டிஃபிகேட் விலைக்கு விற்கும் சரக்கும் அல்ல, விற்றால் குற்றம்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்று காசு வாங்க 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வேண்டும். கட்டணமும் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். உரிமம் உண்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ஆனால் ‘ஸ்டடி அப்ராட்’ என்று போர்டு மாட்டிவிட்டால் கேட்பார் கிடையாது. வடபழனியிலிருந்து அண்ணாசாலை வரை எண்ணிப் பாருங்கள். அட்மிஷனுக்கு இவர்களில் பலருக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கிறது. உங்களிடம் வாங்குவது எதற்கு? விசாவுக்காக அவர்களே உங்கள் வங்கிக் கணக்கில் 28 நாள் பணம் போட்டுக் காட்டும் ‘ஃபண்ட் ஷோ’வும் அந்த 6 லட்சத்துக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். பொய்க் கணக்கு பிடிபட்டால் 10 வருடம் உள்ளே விடமாட்டார்கள்.

வேலையைப் பற்றியும் ஒன்று. அங்கே உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சப்போர்ட் வொர்க்கர் வேலை: குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, கடைக்குக் கூட்டிப்போவது, ராத்திரி கண் விழிப்பது. கௌரவமான வேலைதான், ஆனால் டீச்சர் வேலை அல்ல. குற்றப் பின்னணிச் சோதனையான டி.பி.எஸ்.ஸுக்கு வேலை கொடுப்பவர்தான் விண்ணப்பிப்பார். அதற்கு இங்கே யாருக்கும் காசு தரத் தேவையில்லை.

திரும்பி வந்தபின் அந்த மாஸ்டர்ஸை, சிறப்புக் கல்வியாளர்களைப் பதிவு செய்யும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) தானாகப் பதிவேட்டில் ஏற்றிவிடாது. கோர்ஸ் பெயரையும் பாடத்திட்டத்தையும் அனுப்பி இப்போதே எழுதிக் கேளுங்கள்; பதிலுக்குப் பொறுமை வேண்டும், மிகுந்த பொறுமை. இருக்கிற டிப்ளமோ பதிவை விட்டுவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, நீங்கள் அங்கே இருக்கும்போது வருகிறதா பாருங்கள். வந்தால், முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் நடக்கும் சி.ஆர்.ஈ. (தொடர் மறுவாழ்வுக் கல்வி) வகுப்புகளில் புதுப்பிக்கத் தேவையான புள்ளிகளைச் சேர்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.