ஜனவரியில் மும்பை ஓடுகிறது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மும்பை மராத்தானில் எத்தியோப்பிய சாம்பியனும் ஆபீஸ் போகிற சாதாரண ஆளும் ஒரே போட்டியில் ஓடுகிறார்களாமே, நிஜமா? (விருதுநகர் வாசகர்)

நிஜம்தான். 2004ல் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். ஒரே காலை, ஒரே சாலை, ஒரே 42.195 கிலோமீட்டர். புறப்படும் நேரம் மட்டும் வேறு. அமெச்சூர்களை பொழுது விடியும் முன்பே சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் பக்கத்திலிருந்து அனுப்பிவிடுகிறார்கள், எலீட் வீரர்கள், அதாவது பரிசுக்காக ஓடும் முன்னணி வீரர்கள், அதற்குப் பிறகு கிளம்புகிறார்கள். அதனால் பாதி வழியில் சாதாரண ரன்னர்களை அவர்கள் கடந்துபோவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். 2023ல் எத்தியோப்பியாவின் ஹாய்லே லெமி இங்கே 2 மணி 7 நிமிடம் 32 விநாடியில் முடித்தார், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் சொச்சம், அதுவும் கடைசிவரை. உங்கள் தெருவில் ஒரே ஒரு கிலோமீட்டர் அந்த வேகத்தில் ஓடிப் பாருங்கள், அது எப்பேர்ப்பட்ட வேகம் என்று புரியும். ஐந்து மணி நேரத்தில் முடிக்கிற ஒருவர் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் தூரம் ஒன்றுதான், அதில் யாருக்கும் சலுகை கிடையாது.

ஹாஃப் மராத்தான் முடித்தபோது என் வாட்ச் 21.4 கிலோமீட்டர் காட்டியது. 300 மீட்டர் கூடுதலாக ஓடவைத்துவிட்டார்கள். யாரிடம் புகார் செய்வது? (கோவை வாசகர்)

புகார் வேண்டாம், பெரும்பாலும் பாதை சரியாகத்தான் இருக்கும். முறையாகச் சான்று பெற்ற பந்தயத்தின் பாதையை ஜிபிஎஸ் வைத்து அளப்பதில்லை, சைக்கிளில் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்று சக்கரம் சுற்றுவதை எண்ணும் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, முதலில் இரும்பு டேப்பால் துல்லியமாக அளந்து வைத்த நேர்சாலையில் சிலமுறை ஓட்டி, எத்தனை எண்ணுக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கு எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் பந்தயப் பாதைக்கே போவார்கள். வேலை முடிந்ததும் திரும்பவும் அந்த நேர்சாலையில் ஓட்டிச் சரிபார்ப்பார்கள், ஏனென்றால் வெயில் ஏறினால் டயரில் காற்று விரிந்து கணக்கு மாறிவிடும். இதற்கு மேலும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், பாதை எந்தக் காரணத்தாலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. முழு மராத்தானில் 42 மீட்டர், உங்கள் ஹாஃபில் 21 மீட்டர். இவ்வளவு பொறுமையாக நடக்கிற வேலையைப் பார்த்து எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, மீதி மீட்டர்கள் எங்கிருந்து வந்தன? அளப்பவர் வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, இருப்பதிலேயே குறுக்கான கோட்டில் போகிறார். நீங்கள் கூட்டத்தில் ஒதுங்கி, முந்தி, தண்ணீர் மேஜைக்கு ஓரமாகப் போய், வளைவில் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்திருப்பீர்கள். உயரமான கட்டடங்களுக்கு நடுவே வாட்ச்சும் தன் பங்குக்குக் கொஞ்சம் தடுமாறும். பெர்லினில் இந்தக் குறுக்குக் கோட்டைச் சாலையில் நீல நிறத்திலேயே போட்டுவைக்கிறார்கள்.

இதில் உங்களுக்கு உபயோகமான விஷயம் ஒன்று இருக்கிறது. 2 மணி 15 நிமிடத்தில் ஹாஃப் முடிக்க, கணக்குப்படி கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி போதும். ஆனால் உங்கள் வாட்ச் 21.4 காட்டும் என்றால், அதில் 6 நிமிடம் 18 விநாடி தெரிகிற மாதிரி ஓட வேண்டும். வாட்ச்சை மட்டும் நம்பி 6:24லேயே போனால் கடைசியில் இரண்டு நிமிடம் கோட்டைவிடுவீர்கள். சாலையோரக் கிலோமீட்டர் பலகைகளைப் பார்த்து ஓடுங்கள்.

பேசர் என்பவர் யார்? அவர் போட்டியாளரா, வேலைக்கு வந்தவரா? (தஞ்சாவூர் வாசகி)

இரண்டு வகை உண்டு. அமெச்சூர் கூட்டத்தில் நேரம் எழுதிய கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓடுகிறவர் ஒரு வகை, அவர் பின்னால் ஓடுகிற கூட்டத்தை ரன்னர்கள் பஸ் என்றே சொல்வார்கள். எலீட் வகையில், முன்னணி வீரருக்குப் பாதி தூரம் அல்லது 30 கிலோமீட்டர்வரை வேகம் பிடித்துக் கொடுத்துவிட்டு விலகுவதுதான் வழக்கம். விலகியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

2016 மும்பை மராத்தானில் வயநாட்டுக்காரரும் ராணுவ வீரருமான டி. கோபி அப்படித்தான் நிதேந்திர சிங் ராவத்துக்குப் பேசராக வந்தார். வந்தவர் நிற்காமல் ஓடிக்கொண்டே போய் இந்தியர்களில் இரண்டாவதாக முடித்து ரியோ ஒலிம்பிக்குக்கே தகுதி பெற்றார். ரியோவில் 25வது இடம், 2017ல் சீனாவில் ஆசிய மராத்தான் சாம்பியன்ஷிப்பில் தங்கம். எனக்கு மிகவும் பிடித்த மும்பை மராத்தான் கதை இதுதான், எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாலையை அடைத்துவிடுகிறார்கள். ஓடாதவன் என்ன பாவம் செய்தான்? (மாதுங்கா வாசகர்)

உங்கள் கோபம் நியாயம்தான். ஆம்புலன்சுக்கும் ஆஸ்பத்திரி போகிறவருக்கும் வழி இல்லாமல் எந்தப் பந்தயமும் நடக்கக் கூடாது. மற்றபடி, வருஷம் முழுக்க வண்டிகளுக்கு விட்டுக்கொடுத்த சாலையில் ஒரு காலை மட்டும் மனிதர்கள் காலால் போகட்டுமே என்பதுதான் என் கட்சி.

வயது 46. 10 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். அடுத்த ஜனவரியில் மும்பையில் ஃபுல் மராத்தான் ஓடலாமா? (சேலம் வாசகி)

வேண்டாம், முதலில் ஹாஃப் ஓடுங்கள். மும்பையில் முழு மராத்தானுக்குப் பதிவு செய்ய ஏற்கெனவே ஓடிய பந்தயத்தின் டைமிங் சான்றிதழ் கேட்பார்கள், அது நல்ல வழக்கம். 10ஐ ஓடிய உடம்பு 42ஐத் தாங்கும் என்று அர்த்தமில்லை. தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற எரிபொருள் பலருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகிறது, கால் இரும்பாகிவிடும். மும்பையில் பல ஆண்டுகளாகப் பெடர் ரோடு ஏற்றம் சரியாக அதற்குப் பின்னால், 35ஐ ஒட்டி வந்து நின்றிருக்கிறது. ஜனவரியானாலும் கடற்காற்றின் ஈரப்பதம் வியர்வையைக் காயவிடாது.

டாக்டரைப் பார்த்து இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு லாங் ரன், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில். இன்னொன்று, பயந்துபோய் ஒவ்வொரு மேஜையிலும் தண்ணீரை ஊற்றிக்கொள்ளாதீர்கள். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்திருந்தது. ஓட்டத்தின்போதே உடல் எடை கூடிப்போகிற அளவுக்குக் குடித்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள், உப்பும் சேரட்டும்.

நண்பருக்குக் காய்ச்சல், அவருடைய பிப்பை (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) என்னிடம் தருகிறார். பணம் வீணாகாமல் நான் ஓடிவிடட்டுமா? (மதுரை வாசகர்)

கண்டிப்பாகக் கூடாது. எல்லா ஊரிலும் இது சகஜமாக நடப்பதால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். நீங்கள் 18வது கிலோமீட்டரில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அதன் பின்பக்கம் இருப்பது உங்கள் நண்பரின் ரத்த வகை, அவர் மனைவியின் போன் நம்பர். உங்களுக்கு சர்க்கரை நோய் இருந்தாலோ மருந்து ஒவ்வாமை இருந்தாலோ அங்கே யாருக்கும் தெரியாது, உங்கள் வீட்டுக்கும் தகவல் போகாது. விபத்தே நடக்கவில்லை என்றாலும், சிப் பதிவு செய்கிற நேரம் அவர் பெயரில் ஏறும். அவர் 60 வயதுக்காரர், நீங்கள் 35 என்றால், நேர்மையாக ஓடிய ஒரு பெரியவரின் இடத்தை நீங்கள் பறித்துவிடுகிறீர்கள். அந்தச் சான்றிதழை அவர் அடுத்த பந்தயத் தகுதிக்குக் காட்டினால் அது இன்னொரு பொய்.

பெயர் மாற்ற அமைப்பாளர்கள் அனுமதிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், சில பந்தயங்களில் கடைசித் தேதிவரை வழி உண்டு. இல்லை என்றால் அந்தப் பணம் போனது போனதுதான். அன்றைக்கு நீங்கள் தண்ணீர் மேஜையில் தன்னார்வலராக நில்லுங்கள், எல்லாப் பந்தயத்திலும் அதற்கு ஆள் தேவைப்படுகிறது.