தீர்மானம் இருக்கிறது, வாறுகால் இல்லை: கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: மதுரை மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் வாறுகால் பாதியிலேயே நிற்கிறது. கழிவுநீர் வாசலில் தேங்குகிறது, மழை பெய்தால் வீட்டுக்குள் வருகிறது. சிமெண்ட் வாறுகாலும் பேவர் பிளாக் சாலையும் போட நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டதாகக் கவுன்சிலர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. போய்க் கேட்டால் ஒருநாள் "டெண்டர் வரும்" என்கிறார்கள், இன்னொரு நாள் "நிதி இல்லை" என்கிறார்கள். அந்தப் பணம் வேறு வார்டுக்குப் போய்விட்டது என்றும் பேச்சு. போட்ட தீர்மானத்தை மாற்ற முடியுமா? சொத்து வரியை நிறுத்தி வைக்கலாமா? வழக்குப் போட்டால் பலன் உண்டா? தெருவில் சிலர் காசு பிரித்து, ஆள் வைத்து வாறுகாலில் இறக்கி அள்ளிவிடலாம் என்றும் சொல்கிறார்கள். - ஒரு வாசகி

பதில்: அம்மா, கடைசி வரியாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் என் முதல் பதில். ஆளை இறக்கி அள்ளும் யோசனையை இன்றே கைவிடச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க் குழாயை வாறுகாலில் திருப்பிவிட்ட வீடு ஒன்றாவது இதுபோன்ற தெருக்களில் இருக்கும். அப்படி இருந்தால் அதில் ஓடுவது மனிதக் கழிவு. அதைக் கையால் அள்ள ஆள் அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. அமர்த்தியவர் நகராட்சியா, ஒப்பந்தக்காரரா, காசு பிரித்த தெருக்காரரா என்று அது பார்ப்பதில்லை. ஓராண்டு வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்க்கிலோ பாதாளச் சாக்கடையிலோ இறக்கினால் அது இரண்டாண்டு, 2 லட்சம் வரை போகும். 2022 ஏப்ரலில் மதுரையிலேயே கழிவுநீர் ஏற்றும் தொட்டி ஒன்றில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. உங்கள் கஷ்டம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், இன்னொரு வீட்டுப் பிள்ளையை அதற்குள் இறக்க நான் வழி சொல்ல மாட்டேன். இயந்திரம் கொண்டு அடைப்பெடுக்கும்படி நகராட்சிக்கு எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதம் பின்னால் வழக்குக்கும் உதவும்.

சரி, தீர்மானத்துக்கு வருவோம். மன்றத்தில் தீர்மானம் நிறைவேறினால் வேலை உறுதியாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அது வேலையின் ஆரம்பம் மட்டும்தான். அதற்குப் பிறகு எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், ஒப்பந்தம், வேலை உத்தரவு என்று கோப்பு நகர வேண்டும். இதில் எந்தப் படியிலும் அது தூங்கிப்போகலாம். இன்னொன்று, தீர்மானத்தின் வாசகம். "நிதி ஆதாரம் கிடைக்கும்போது செய்யலாம்" என்று இருக்கலாம், "அரசுக்குக் கருத்துரு அனுப்பலாம்" என்று மட்டும் இருக்கலாம். கவுன்சிலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் தீர்மான நகலை நீங்கள் கண்ணால் பார்க்காதவரை அங்கே என்ன முடிவானது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மாற்ற முடியுமா என்றால், முடியும். ஒரு மன்றம் எடுத்த முடிவை அதே மன்றம் உரிய முறைப்படி திருத்தலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் அதுவும் மன்றத்தில் வைத்து, பதிவாகி நடந்திருக்க வேண்டும். அதிகாரியோ தலைவரோ வாய்மொழியாகப் பணத்தை வேறு வார்டுக்குத் திருப்பியிருந்தால் அது கேள்விக்குரியது. முறையாகவே திருப்பியிருந்தாலும் காரணம் இருக்க வேண்டும். காரணமே இல்லாமல் ஒரு தெருவை விட்டு இன்னொன்றுக்குக் கொடுத்தால், அரசமைப்பின் 14ஆவது பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் உங்கள் வழக்கின் அடித்தளத்தைத் தீர்மானத்தின் மேல் கட்டாதீர்கள். தீர்மானமே இல்லாவிட்டாலும் கழிவுநீரை வெளியேற்றுவது நகராட்சியின் கடமை. அந்தக் கடமைதான் உங்கள் பிடிமானம். முன்பு மதுரை மாநகராட்சிக்கு 1971ஆம் ஆண்டின் தனிச் சட்டம், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற நகராட்சிகளுக்கு 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் என்று இருந்தது. 2023 ஏப்ரல் 13 முதல் எல்லாவற்றுக்கும் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 ஒன்றுதான். அதனால் இங்கே சொல்வது மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கும் பொருந்தும். மனுவில் பழைய சட்டத்தின் பிரிவுகளை எழுதிவிடாதீர்கள். பழைய மாதிரி மனுவை அப்படியே தட்டச்சு செய்து கொடுப்பது இன்னும் நடக்கிறது.

"நிதி இல்லை" என்ற பதிலுக்கு 1980லேயே உச்ச நீதிமன்றம் முடிவு கட்டிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்ற ஊர். ஒரு பகுதியில் திறந்த சாக்கடை, பொதுக் கழிப்பிடம் இல்லாததால் தெருவே கழிப்பிடம், போதாததற்குச் சாராய ஆலையின் கழிவு. மக்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். அவர் நகராட்சிக்கு உத்தரவு போட்டார். பணம் இல்லை, இத்தனை பெரிய வேலை முடியாது என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அதை ஏற்கவில்லை. மக்களின் சுகாதாரம் நகராட்சியின் அடிப்படைக் கடமை, பணமில்லை என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அந்த வழக்கை நடத்தியவர்கள் உங்களைப் போல ஒரு பகுதியின் குடியிருப்பாளர்கள்தான். இத்தனை வருடம் கழித்தும் சாக்கடை வழக்குகளில் நாங்கள் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தீர்ப்பைத்தான். மனுவில் நீங்களும் குறிப்பிடுங்கள்: ரத்லாம் நகராட்சி எதிர் வர்திசந்த், 1980.

இப்போது செய்ய வேண்டிய வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் வேலை நடக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். "ஏன்" என்ற கேள்விக்கு ஆவணம் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். தெருப் பெயரும் வார்டு எண்ணும் போட்டு, அந்த வேலைக்கான தீர்மானத்தின் எண், தேதி, முழு வாசகத்தின் நகல். அந்தக் கூட்டத்தின் அஜெண்டாவில் அந்தப் பொருள் இருக்கும் பக்கம். எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல் நகல்கள். எந்த நிதித் தலைப்பில் ஒதுக்கப்பட்டது என்ற பதிவு. அந்தத் தீர்மானத்தை மாற்றியோ ரத்து செய்தோ வேறு தீர்மானம் இருந்தால் அதன் நகல். கோப்பின் குறிப்புப் பக்கங்கள். இதோடு கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. கோப்பை உட்கார்ந்து புரட்டினால் நகலில் கிடைக்காத பல விஷயம் கண்ணில் படும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், பதில் திருப்தி இல்லாவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொரு ஆவணமும் கேளுங்கள்: உங்கள் தெரு நகராட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டதா என்பது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளில் தெரு இன்னும் மனை போட்டவர் பெயரிலேயே கிடக்கும். வழக்குப் போட்ட பிறகு "அது எங்கள் தெருவே அல்ல" என்று நகராட்சி பதில் மனு தாக்கல் செய்தால் ஆறு மாதம் வீணாகும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

தகவல் மனுவோடு கூடவே ஆணையருக்கு ஒரு கோரிக்கை மனு அனுப்புங்கள். முப்பது வரிப் புலம்பல் வேண்டாம். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வாறுகால் இல்லை, தண்ணீர் எங்கே தேங்குகிறது, யாருக்குக் காய்ச்சல் வந்து எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் யாரிடம் முறையிட்டீர்கள், என்ன வேலை வேண்டும். தேதி தெரியும் போட்டோக்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தால் அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம், உங்கள் தெருவில் செப்டிக் டேங்க் குழாய் வாறுகாலில் விழுகிறது என்றால் முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். நகராட்சியின் வக்கீல் கோர்ட்டில் முதலில் காட்டப் போவது அந்தக் குழாயின் போட்டோவைத்தான். பக்கத்து வீட்டோடு மனக்கசப்பு வரும் என்று பலர் இதைப் பேசுவதே இல்லை. பேசித்தான் ஆக வேண்டும்.

சொத்து வரியை நிறுத்தாதீர்கள். வரி என்பது குறிப்பிட்ட சேவைக்கான விலை அல்ல. வாறுகால் போடாததால் வரி கட்ட மாட்டேன் என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. நோட்டீஸ் வரும், ஜப்தி வரை போகலாம், கோர்ட்டிலும் உங்கள் பெயர் பாக்கிதாரர் என்று ஆகிவிடும். கட்டிய ரசீதுகளை மனுவோடு இணைத்தால் அதுவே உங்களுக்கு பலம். சேவைக் கட்டணம் வேறு கதை. கட்டணத்துக்கும் தரும் சேவைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று சென்னை மாகாணத்திலிருந்து போன ஷிரூர் மடம் வழக்கில் 1954லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பிந்தைய தீர்ப்புகள் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் கொடுக்காத பாதாளச் சாக்கடை இணைப்புக்கு மாதக் கட்டணமோ டெபாசிட்டோ வாங்கியிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் செய்யலாம்.

"நமக்கு நாமே" திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும் என்று யாராவது சொல்வார்கள். வசதி உள்ள தெரு என்றால் அது வேகமான வழிதான், நான் தடுக்கவில்லை. ஆனால் தினக்கூலிக் குடும்பங்கள் இருக்கும் தெருவில் கழிவுநீர் வடிகாலுக்கு மக்களிடம் பங்கு கேட்பது எனக்கு உடன்பாடில்லை. அது நகராட்சி செய்தே ஆக வேண்டிய வேலை.

நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 2022 விதிகளின்படி வார்டு குழுவும், பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் இருக்கின்றன. பகுதி சபை கூடும்போது உங்கள் கோரிக்கையை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் மூன்று கதவுகள். ரத்லாம் மக்கள் போன அதே வழி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவில் இன்று இருக்கிறது. பொது இடத்தில் இருக்கும் தொல்லையை அகற்றும்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். செலவு குறைவு. ஆனால் ஒரு அரசு அதிகாரி இன்னொரு அரசு அமைப்புக்கு எதிராக உத்தரவு போடத் தயங்குவது உண்டு, விடாமல் நடையாய் நடக்க வேண்டும். இரண்டாவது, பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றம். துப்புரவு, கழிவகற்றல் அதன் வரம்பில் வருகிறது. கோர்ட் கட்டணம் கிடையாது. முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். அங்கே போய்விட்டால் அதே பிரச்சினைக்கு வேறு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது என்பதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள்.

மூன்றாவது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அரசமைப்பின் 226ஆவது பிரிவில், கடமையைச் செய்ய உத்தரவிடும் நீதிப்பேராணை கேட்டு ரிட் மனு. உங்கள் வாசலில் தேங்குவதால் நீங்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர், பொதுநல வழக்காகப் போட வேண்டிய அவசியமில்லை. ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரு மனு மட்டும் கொடுத்துவிட்டு அவசரமாக ரிட் போட்டால், "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்" என்ற ஒற்றை வரி உத்தரவுதான் பெரும்பாலும் கிடைக்கும். நகராட்சியும் பரிசீலித்து "நிதி வந்ததும் செய்யப்படும்" என்று ஒரு கடிதம் கொடுத்து முடித்துவிடும். தீர்மான நகல், கோப்புக் குறிப்புகள், நிதி எங்கே போனது என்ற பதிவு, மருத்துவச் சீட்டுகள், போட்டோக்கள் எல்லாம் கையில் இருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை முடிக்க உத்தரவு கேட்டு வாதாட முடியும். எந்த டிசைனில் எந்தத் தெருவுக்கு முதலில் என்று நீதிமன்றம் சாதாரணமாக முடிவு செய்யாது. ஆனால் சாக்கடை வீட்டுக்குள் வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் மாட்டார்கள்.

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987 சொல்கிறது. உங்கள் ஊர் கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணையம் இருக்கிறது, மதுரைக் கிளையிலும் தனிக் குழு உண்டு. மனுவில் முதல் மனுதாரராக நீங்களோ தெருவின் இன்னொரு பெண்ணோ இருங்கள்.

உத்தரவு கிடைத்தால் சான்றிட்ட நகலை வாங்கி அன்றே ஆணையருக்கு அனுப்புங்கள், கெடு தேதியைக் குறித்து வையுங்கள். கெடு தாண்டியும் வேலை நடக்காவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம். அதற்கு ஓராண்டுதான் காலம். பொறியாளர் வந்து நாடாவை வைத்து அளந்துவிட்டுப் போனார் என்பதற்காகக் காத்திருந்து அந்த ஓராண்டைத் தவறவிடாதீர்கள்.