மேசையைச் சுற்றிக் கூட்டம், கல்லாவில் காசு இல்லை

கேள்வி: முப்பது ஆண்டுகளாகப் பிரிட்டிஷ் இந்திய நாணயங்களைச் சேர்த்து வருகிறேன். ஒன்றுக்கு மேல் இருப்பவற்றை விற்கலாம் என்று மதுரையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில் இரண்டு நாள் மேசை எடுத்தேன். வந்தவர்கள் பார்த்தார்கள், விலை கேட்டார்கள், போய்விட்டார்கள். மேசை வாடகைகூடத் தேறவில்லை. எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாகவே வைத்திருந்தேன். என்னிடம் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றும் உள்ளது. அடுத்த முறை அதையும் வைக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: 'விலை கேட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விலை எழுதி வைக்கப்படவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். கண்காட்சிக்கு வருபவர்களில் பலர் கூச்சத்தால் விலையே கேட்பதில்லை. கேட்பவர்களுக்கோ, தம் முகத்தையும் சட்டையையும் பார்த்து விலை சொல்லப்படுகிறது என்ற ஐயம் எழுகிறது. ஒவ்வொரு நாணயத்தின் உறையிலும் அரசர் பெயர், ஆண்டு, நாணயச்சாலை, விலை ஆகிய நான்கையும் எழுதுங்கள். நம் ஊரில் பேரம் பேசாமல் வாங்குபவர் அரிது என்பதால் சிறிது இடம் விட்டே விலை போடுங்கள். ஆனால் எதற்குக் கீழே இறங்க மாட்டீர்கள் என்பதை முந்தைய நாளே வீட்டில் அமர்ந்து முடிவு செய்து ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நடுவே போடும் மனக்கணக்கு பெரும்பாலும் விற்பவருக்கே நட்டமாக முடியும்.

வெள்ளி ரூபாய்களுக்கு அந்தக் கணக்கு எளிது. 11.66 கிராம் எடையுள்ள ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 91.7 விழுக்காடு வெள்ளி, அதாவது ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி உள்ளது. 1940 முதல் 1945 வரையிலான ரூபாய்களில் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைந்தது. 1947ஆம் ஆண்டு ரூபாய் முழுக்க நிக்கல். அன்றைய வெள்ளி விலையைக் காலையிலேயே பார்த்துவிட்டுச் செல்லுங்கள். வெள்ளியின் மதிப்புக்கும் குறைவாக நாணயத்தை விற்றுவிட்டு வருபவர்கள் உண்டு.

அடுத்து, அந்தப் புளி. பழைய வெள்ளியின்மேல் காலம் படியவைத்த கருமைதான், அதைப் பிறர் கை வைத்துக் கெடுக்கவில்லை என்பதற்குச் சான்று. தேய்த்த நாணயத்தைத் தேர்ந்த சேகரிப்பாளர் லென்ஸ் இல்லாமலேயே கண்டுகொள்வார். கண்டுகொண்டதும் மேசையில் உள்ள மற்றவற்றையும் நம்ப மாட்டார். இழந்த மேற்பரப்பை இனி மீட்க முடியாது. எனவே அவற்றைத் தனித் தட்டில் போட்டு, 'சுத்தம் செய்யப்பட்டவை' என்று வெளிப்படையாக எழுதி, வெள்ளி விலையை ஒட்டி விற்றுவிடுங்கள். இனி எதையும் தேய்க்காதீர்கள். மெத்தென்ற பிவிசி உறைகளையும் மாற்றிவிடுங்கள். நாளடைவில் அவை நாணயத்தின்மேல் பச்சைப் பிசுக்கை ஏற்படுத்தும்.

உங்கள் மேசையில் இல்லாமற்போனது, என் கணிப்பில், பத்து ரூபாய்த் தட்டுதான். 1943 முதல் 1947 வரை வெளிவந்த ஓட்டைக் காலணா, தாமரை பொறித்த மஞ்சள் இருபது பைசா, அலுமினியச் சில்லறை, வெளிநாட்டுக் காசுகள் ஆகியவற்றைப் பெரிய தட்டில் கலந்து கொட்டி, நிலைக்கு ஏற்ப எது எடுத்தாலும் பத்து அல்லது இருபது ரூபாய் என்று எழுதி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அதில் கை விட்டால் அரை மணி நேரம் நகர மாட்டார்கள். காத்திருக்கும் தந்தைக்கு ஒரு நாற்காலியும் ஒரு லென்ஸும் கொடுத்தால் அவர் உங்கள் ஆல்பத்தைப் புரட்டத் தொடங்குவார். இந்தத் தட்டில் கிடைக்கும் லாபம் சொற்பம்தான். ஆயினும் ஆள் நிற்கும் மேசைக்கே மேலும் ஆள் வருவதால், அதை விளம்பரச் செலவாகக் கருதலாம். கடவுள் உருவம் பொறித்து, '1818, கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா' என்று சுற்றிவரும் வில்லைகளை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அவை பிற்காலத்துக் கற்பனைப் படைப்புகள், ஒன்று கிடந்தாலும் உங்கள் பெயர் கெடும்.

பொதுமக்கள் வருவதற்கு முன்பான நேரத்தை வீணாக்க வேண்டாம். பக்கத்து மேசை வியாபாரிகளே பல நேரங்களில் முதல் வாடிக்கையாளர்கள். அவர்கள் மொத்த விலைக்குக் கேட்டால் மனம் நோகாதீர்கள். அவர்களும் அதை விற்றுத்தான் பணமாக்க வேண்டும். முதல் போணியில் சற்று விட்டுக்கொடுப்பது எப்படியும் நம் வழக்கம்தானே.

சட்டத்தையும் கவனியுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே; தொல்பொருளைத் தொழிலாக விற்க உரிமம் தேவை. விக்டோரியா காலத்து நாணயங்கள் முழுவதும், ஐந்தாம் ஜார்ஜ் காலத்தவற்றில் பெரும்பகுதியும் இதில் அடங்கும். தொடர்ந்து மேசை போடும் எண்ணம் இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் விளக்கம் பெற்ற பிறகே அவற்றை விலைக்கு வையுங்கள்.

1939ஆம் ஆண்டு ரூபாயை மேசையில் வைக்கவே வேண்டாம். அது மிக அரிய ஆண்டு. அதனாலேயே அதன் போலிகளும் புழங்குகின்றன. உண்மையானதாக இருந்தாலும், கூட்டத்தில் நிற்கும் ஒருவர் அதற்குரிய தொகையை அங்கேயே எடுத்துத் தருவது கடினம். போலியாக இருந்தால் பழி உங்களுக்கு. அதையாவது தேய்க்காமல் விட்டிருந்தீர்களானால், அப்படியே மும்பை அல்லது பெங்களூருவில் உள்ள நாணய ஏல நிறுவனம் ஒன்றிடம் காட்டி, உண்மைத்தன்மைச் சான்று பெற்று ஏலத்திற்குக் கொடுங்கள்.