மேப்பிளடியில் வளராத ஹோஸ்டா

கேள்வி: அக்கா, எங்கள் பின்வளவில் பெரிய நோர்வே மேப்பிள் நிற்கிறது. அதன் கீழே புல்லே வராது. நிழலில் நன்றாக வரும் என்று சொன்னதால் இலை அழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டாச் செடியில் ‘எம்பிரஸ் வூ’ என்ற வகையை வாங்கி நட்டேன். இடுப்பளவு வளரும் என்று அட்டையில் போட்டிருந்தது. மூன்றாவது கோடையும் வந்துவிட்டது, இலை உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. கிளப்பிப் பிரித்து நட்டால் பெரிதாகுமா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: பிரிக்கவே பிரிக்காதீர்கள், தங்கச்சி. பிரித்தால் இவ்வளவு நாள் பிடித்த வேரும் போய்விடும். இந்த வகை நாலடி உயரம், ஐந்தாறடி அகலம் வரை போகும். ஆனால் அதற்கு ஐந்து வருடமாவது ஓரிடத்தில் அசையாமல் இருக்க வேண்டும்.

உங்கள் செடிக்கு நிழல் போதும், தண்ணீர்தான் போதாது. ஹோஸ்டாவின் இலைக்காம்பைத் தொட்டுப் பாருங்கள், வாய்க்கால் மாதிரிக் குழிந்திருக்கும். இலையில் விழும் மழை அதன் வழியே நேராக அடிக்கு இறங்கும். மேப்பிளின் அடர்ந்த இலைகளோ சின்ன மழையைக் கீழே விடாது. விழுகிற கொஞ்சத்தையும் மேலோட்டமாகப் பரந்த வேர்கள் குடித்துவிடும்.

ஆகவே ஒரே ஒரு தடவை இடம் மாற்றுங்கள். செப்டம்பர் தொடக்கத்தில், அல்லது வசந்தத்தில் கூர்முளை தலைகாட்டும்போது. மரத்தின் வேர்ப்பிடிப்புக்கு வெளியே, காலை வெயில் பத்து மணிவரை படும் இடமாக இருந்தால் நல்லது. குழி மூன்றடி அகலம், ஓரடி ஆழம். பாதிக்குப் பாதி கூட்டெரு கலந்து, முளை கிளம்பும் அடிப்பாகம் மண்மட்டத்தில் இருக்க நடுங்கள். கோடையில் வாரத்துக்கு ஓரங்குலத் தண்ணீராவது காலையில், அடியில் விடுங்கள். இலைச்சருகு போட்டு மூடலாம், ஆனால் குருத்தை ஒட்டிக் குவிக்க வேண்டாம், அங்கேதான் ஓடில்லா நத்தை குடியிருக்கும். இலையில் ஓட்டை விழுந்தால் இரவில் டோர்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் கவனம், ஹோஸ்டா அவற்றுக்கு நஞ்சு.

சரி, மேப்பிளடி வெறுமையாகிவிடுமே என்றால், அங்கே எபிமீடியம் என்ற தரைமூடிச் செடியை வையுங்கள். வறண்ட நிழலையும் தாங்கும். சின்னச் சட்டிக் கன்றாகவே வாங்குங்கள், அந்த வேர்களுக்கிடையில் பெரிய குழி தோண்ட முடியாது.