எட்டாவது தடம்

அக்காவுக்கு வணக்கம்.

நாங்கள் தாப்பாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். மகள் படிவம் மூன்று, 400 மீட்டர் ஓடுகிறாள். பள்ளித் திடலில் அவளைப் பிடிக்க ஆளில்லை. மாவட்டப் போட்டி என்றால் காலையிலேயே வாந்தி. கடைசி நூறு மீட்டரில் கைகால் இறுகி நான்காவதாக, ஐந்தாவதாக வருகிறாள். கோலாலம்பூரில் ஒருவர் இணையம் வழி மனப்பயிற்சி தருகிறாராம், மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்). கணவர் சரி என்கிறார். மாமியாரோ, "இதே தாப்பாவில் பிறந்த ராஜாமணிக்கு யார் மனப்பயிற்சி கொடுத்தது? தைரியம் தானா வரணும்" என்கிறார். காசைப் போடலாமா?

வாசகி, தாப்பா

அன்புள்ள தங்கச்சி,

ராஜாமணியை இன்னும் நினைவில் வைத்திருக்கும் மாமியாருக்கு முதலில் என் வணக்கம். மலேசியாவுக்காக 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். ஆனால் அதே காலத்தில் தோட்டத்துத் திடலில் பறந்துவிட்டு, போட்டியன்று பயந்து, அத்தோடு ஓட்டத்தை விட்ட பெண்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

வாந்தியைக் கோழைத்தனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பந்தயத்துக்கு உடம்பு தயாராகும்போது ரத்தம் வயிற்றை விட்டுத் தசைக்குப் போகிறது. பெரிய வீராங்கனைகளுக்கும் இது வரும். என்னை யோசிக்க வைத்தது அந்தக் கடைசி நூறு மீட்டர்தான். 400 மீட்டரில் எல்லோருக்கும் அங்கே கால் கனக்கும். பதற்றத்தில் முதல் 200-ஐ அள்ளிக்கொண்டு ஓடியவளுக்கு ரொம்பவே கனக்கும். எட்டாவது தடம் கிடைத்தால் இன்னும் மோசம். வளைவை ஈடுகட்ட வெளித்தடத்தில் ஓடுகிறவளை மற்றவர்களுக்கு முன்னால் தள்ளி நிறுத்துவதால் முன்னால் ஒருவரும் தெரியமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். பிள்ளை மிரண்டு ஓடாமல் என்ன செய்வாள்?

நல்ல பயிற்றுநர் இங்கே 'தைரியமாயிரு' என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். ஓட்டத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு வேலை கொடுப்பார். கடைசி நூறுக்கு 'தோளைத் தளர்த்து', அவ்வளவுதான். கோட்டில் நிற்பதற்கு முன் மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விடச் சொல்வார். நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்கும். இதையெல்லாம் போட்டியன்று புதிதாகச் செய்து பார்க்க முடியாது. பள்ளித் திடலிலேயே போட்டி உடுப்பைப் போட்டு, அரை மணி நேரம் காக்க வைத்து, நாலு பேர் பார்க்க ஒரே ஒரு தடவை ஓடவிட்டுப் பழக்க வேண்டும். விளையாட்டு ஆசிரியர் மனம் வைத்தால் இதற்கு 600 வெள்ளி ஆகாது.

அப்புறம் வீட்டு விஷயம். திரும்பி வரும்போது காரில் என்ன பேசுகிறீர்கள்? "ஏன் கடைசியில் விட்டுட்ட?" என்றால் அடுத்த பந்தயத்தின் பயம் அங்கேயே தொடங்கிவிடும். சொந்தக்காரர்கள் சும்மாவும் இருக்கமாட்டார்கள்: வெயிலில் கறுத்துப் போய்விட்டாள், கால் ஆம்பளை கால் மாதிரி ஆகிவிட்டது. (இதைச் சொல்லும் அத்தைமார்தான் தங்கம் வாங்கினால் முதலில் வாட்ஸாப்பில் படம் போடுவார்கள்.) அதைக் கேட்டுக்கேட்டுச் சோற்றைக் குறைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும்; எலும்பு தேயும், ஓட்டமும் விழும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. உதிரம் அதிகம் போகிறவளுக்கு இரும்புச்சத்து குறைந்து மூச்சு வாங்கும். நாம் அதையும் 'மனசு சரியில்லை' என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம்.

எனவே, பணம் கட்டுவதற்கு முன் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அந்தப் பயிற்றுநர் உளவியல் படித்தவரா, தூக்கம், சாப்பாடு, மாதவிடாய் பற்றிக் கேட்கிறாரா, பள்ளிப் பயிற்றுநரோடு பேசத் தயாரா என்று விசாரியுங்கள். பதக்கத்துக்கு உத்தரவாதம் தருகிறவர் என்றால் வேண்டாம். பிள்ளை சின்னவள், முதல் சந்திப்பில் நீங்களும் கூட இருங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, தொடரலாமா என்று அவளையே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா